டொரண்டோவின் இரு ஆட்டங்கள்: தோல்வியைத் தாங்கும் கணக்கு

சதுரங்கம் பற்றிய செய்திகள் இப்போது நாளிதழ்களின் முதல் பக்கத்திலேயே இடம்பெறுகின்றன. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் சதுரங்கப் பலகை ஒன்றும் இருக்கிறது. விடுமுறை நாள்களில் திருமண மண்டபங்களிலும் பள்ளி அரங்குகளிலும் வரிசையாக மேசைகள் இடப்பட்டு, நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியர் தலைகுனிந்து விளையாடுவதையும், அரங்கின் வாயிலுக்கு வெளியே பெற்றோர் உணவுப் பைகளுடன் காத்திருப்பதையும் நாம் காண்கிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்பது அப்பெற்றோரில் பலருக்கு முழுமையாகத் தெரிவதில்லை. முடிவு மட்டுமே அவர்களை வந்தடைகிறது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அதை அறிந்துகொள்கிறார்கள்.

போட்டிச் சதுரங்கம் எவ்வாறு இயங்குகிறது, அதில் நேரம் என்ன பங்கு வகிக்கிறது, ஒரு தோல்விக்கு உண்மையில் என்ன விலை என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். அதற்கு எடுத்துக்காட்டாக, உலகமே கவனித்த இரண்டு ஆட்டங்களை எடுத்துக்கொள்கிறோம். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கனடா நாட்டின் டொரண்டோ நகரில் நடைபெற்ற கேண்டிடேட்ஸ் போட்டியில், பதினேழு வயது டி. குகேஷும் இருபது வயது அலிரேசா ஃபிரூஜாவும் இருமுறை மோதினர். முதல் ஆட்டத்தில் ஃபிரூஜா வென்றார். இரண்டாவதில் குகேஷ் வென்றார். இரண்டுக்கும் இடையே ஒன்பது நாள்களே கழிந்திருந்தன. அந்த ஒன்பது நாள்களில் நிகழ்ந்தவற்றில், பலகைக்கு வெளியே இருக்கும் நமக்கும் கற்க வேண்டியவை உண்டு.

ஒரே மாதத்தில் திறந்த இரு கதவுகள்

கேண்டிடேட்ஸ் என்பது உலகச் சாம்பியனை எதிர்த்து விளையாடப் போகிறவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் போட்டி. உலகம் முழுவதிலுமிருந்து எட்டுப் பேருக்கு மட்டுமே அதில் இடம். உலகக் கோப்பை, கிராண்ட் சுவிஸ் போன்ற போட்டிகளின் வழியாகப் பெரும்பாலான இடங்கள் நிரம்பிவிடும். மீதமிருக்கும் ஓரிரு இடங்களுக்கு ஆண்டின் கடைசி நாள் வரை போராட்டம் நீடிக்கும்.

குகேஷும் ஃபிரூஜாவும் அப்படிக் கடைசி நேரத்தில் நுழைந்தவர்களே. ஆண்டு முழுவதும் விளையாடும் போட்டிகளில் சேரும் புள்ளிகளைக் கொண்டு ஓரிடம் வழங்கும் 'ஃபிடே சர்க்யூட்' என்ற முறையில் குகேஷுக்கு வாய்ப்பு இருந்தது. 2023 டிசம்பரில் சென்னையில் நடைபெற்ற கிராண்ட்மாஸ்டர்கள் போட்டியில், அர்ஜுன் எரிகைசியுடன் சம புள்ளிகள் பெற்று, சமன் உடைக்கும் விதியின்படி முதலிடம் பெற்றார். அந்த முதலிடமே அவரை டொரண்டோவுக்கு அழைத்துச் சென்றது.

ஈரானில் பிறந்து பிரான்சு நாட்டுக்காக விளையாடும் ஃபிரூஜா, 2021ஆம் ஆண்டிலேயே, தம் பதினெட்டாவது வயதில், 2800 என்னும் தரப்புள்ளியைக் கடந்தவர். அத்தனை இளம் வயதில் அந்த எல்லையைத் தொட்டவர் அவருக்கு முன் எவருமில்லை. ஆயினும் கேண்டிடேட்ஸ் இடத்திற்காக அவர் 2023ஆம் ஆண்டின் கடைசி நாள்களில் பிரான்சின் ரூவான் நகரில் நடைபெற்ற ஒரு பொதுப் போட்டியில் கலந்துகொண்டு, தரப்புள்ளியை உயர்த்திக்கொண்டே உள்ளே வர வேண்டியிருந்தது. ஆகவே இருவருக்கும் அந்த இடம் எளிதில் கிடைத்ததன்று. இழந்தால் மீண்டும் எப்போது கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

பதினான்கு சுற்றுகளின் ஏற்பாடு

போட்டியின் அமைப்பு எளியது. எட்டு வீரர்களில் ஒவ்வொருவரும் மற்ற எழுவருடன் இருமுறை விளையாட வேண்டும். ஒருமுறை வெள்ளைக் காய்களுடன், ஒருமுறை கறுப்புக் காய்களுடன். ஆக மொத்தம் பதினான்கு சுற்றுகள். வெற்றிக்கு ஒரு புள்ளி, சமனுக்கு அரைப் புள்ளி, தோல்விக்குச் சுழியம். முடிவில் அதிகப் புள்ளி பெற்றவர் ஒருவருக்கே உலகச் சாம்பியனுடன் மோதும் உரிமை. இரண்டாம் இடம் பெறுபவருக்குப் பரிசுத் தொகை உண்டு. ஆனால் அந்த உரிமை இல்லை.

இந்த அமைப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு சுற்றில் தோற்றவுடன் வெளியேறும் போட்டியன்று இது. தோல்வியின் விலை ஒரு புள்ளிதான், போட்டியே அன்று. எஞ்சிய சுற்றுகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் மனம் அவ்வாறு கணக்கிடுவதில்லை. இழந்த ஒரு புள்ளியை உடனே மீட்க வேண்டும் என்று அடுத்த சுற்றிலேயே வரம்பு மீறிய ஆபத்துகளை ஏற்று, இரண்டாவது புள்ளியையும் இழப்பவர்கள் பலர். பங்குச் சந்தையில் ஒரு நாள் நட்டத்தை மறுநாளே ஈடுகட்ட முனைபவரின் நிலையும் இதுவே. அந்த மனப்போக்கு வங்கிப் பணியில் இருக்கும் நமக்கு நன்கு அறிமுகமானது.

கடிகாரம் என்னும் கையிருப்பு

போட்டிச் சதுரங்கத்தை வீட்டுச் சதுரங்கத்திலிருந்து வேறுபடுத்துவது கடிகாரம். பலகையின் அருகே இரு முகங்கள் கொண்ட கடிகாரம் ஒன்று இருக்கும். ஒருவர் தம் காயை நகர்த்திப் பொத்தானை அழுத்தியதும் அவருடைய நேரம் நிற்கும். எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கும். தமக்குரிய நேரம் தீர்ந்துபோனால், பலகையில் எத்தனை வலுவான நிலையில் இருந்தாலும் அவர் ஆட்டத்தை இழப்பார். எதிராளியிடம் எவ்வகையிலும் ராஜாவை வீழ்த்த இயலாத அளவுக்குக் காய்கள் குறைந்துவிட்ட நிலை மட்டும் விலக்கு. அப்போது ஆட்டம் சமன்.

டொரண்டோவில் வகுக்கப்பட்ட நேர விதி இது: முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வொருவருக்கும் 120 நிமிடம். அவற்றை முடித்தவுடன் மேலும் 30 நிமிடம் சேரும். 41ஆவது நகர்த்தல் முதல், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதலாக வழங்கப்படும்.

இதன் பொருளை வரவு செலவு மொழியில் சொன்னால் விளங்கும். முதல் 40 நகர்த்தல்களில் வீரர் வருமானம் இல்லாத மனிதர். கையில் 120 நிமிட இருப்பு. ஒவ்வொரு சிந்தனைக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். எதுவும் திரும்ப வராது. சராசரியாக ஒரு நகர்த்தலுக்கு மூன்று நிமிடம். 41ஆவது நகர்த்தலிலிருந்து அவருக்குச் சிறியதாயினும் நிலையான வருமானம் வருகிறது. ஆகவே 30ஆவது நகர்த்தலுக்கும் 40ஆவது நகர்த்தலுக்கும் இடைப்பட்ட பகுதியே மிகவும் ஆபத்தானது. இருப்பு கரைந்திருக்கும், வருமானம் இன்னும் தொடங்கியிருக்காது, பலகையிலோ சிக்கல் உச்சத்தில் இருக்கும்.

இளையோர் பங்கேற்கும் பெரும்பாலான நம் நாட்டுப் போட்டிகளில், 90 நிமிடமும், முதல் நகர்த்தலிலிருந்தே ஒவ்வொன்றுக்கும் 30 விநாடிக் கூடுதலும் வழங்கும் முறை பழக்கத்தில் உள்ளது. அதில் பழகியவர்களுக்கு, கூடுதல் விநாடிகள் இல்லாத 40 நகர்த்தல்கள் வேறொரு சோதனை. கூடுதல் நேரம் உள்ள ஆட்டத்தில், நிலைமை எவ்வளவு மோசமானாலும் அடுத்த நகர்த்தலுக்கு அரை நிமிடமேனும் உறுதி. இங்கே அந்த உறுதியும் இல்லை.

இந்த வேறுபாட்டை விதிகளும் ஏற்றுக்கொள்கின்றன. நகர்த்தல்கள் அனைத்தையும் தாளில் குறித்துக்கொண்டே விளையாட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் நகர்த்தலுக்கு 30 விநாடியேனும் கூடுதலாக வழங்கப்படாத கட்டத்தில், ஒருவரின் கடிகாரத்தில் ஐந்து நிமிடத்திற்கும் குறைவாக இருந்தால், அவர் உடனுக்குடன் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதும் இரண்டு விநாடிகூட அப்போது பெரிய செலவாகிவிடும்.

ஏழாவது சுற்று

ஏப்ரல் 11ஆம் நாள் ஏழாவது சுற்று. அதற்கு முந்தைய ஆறு சுற்றுகளில் குகேஷ் இரண்டு வெற்றிகளும் நான்கு சமன்களும் பெற்று, நான்கு புள்ளிகளுடன் இயான் நெப்போம்னியாச்சியுடன் சேர்ந்து முன்னிலையில் இருந்தார். ஒரு தோல்விகூட இல்லை. எதிரே அமர்ந்த ஃபிரூஜாவோ ஆறு சுற்றுகளில் ஒரு வெற்றியும் இன்றி, ஒன்றரைப் புள்ளியுடன் பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருந்தார்.

பட்டியலை மட்டும் பார்ப்பவர்க்கு இது சமமற்ற மோதலாகத் தோன்றியிருக்கும். ஆனால் பலகையில் பட்டியல் அமர்வதில்லை. இழப்பதற்கு அதிகம் இல்லாத வலிமையான வீரரைப் போல ஆபத்தானவர் வேறொருவர் இல்லை. ஆட்டம் சிக்கலான நிலையை அடைந்தது. குகேஷின் கடிகாரம் வற்றிக்கொண்டே வந்தது. 40ஆவது நகர்த்தல் கைக்கெட்டும் தொலைவில் இருந்த வேளையில், விநாடிகளே எஞ்சியிருந்த நெருக்கடியில், அவர் பிழையான நகர்த்தலைச் செய்தார். ஃபிரூஜா அதைத் தவறவிடவில்லை. அந்தப் போட்டியில் ஃபிரூஜாவுக்கு அதுவே முதல் வெற்றி. குகேஷுக்கு முதல் தோல்வி.

சுற்றின் முடிவில் நெப்போம்னியாச்சி நாலரைப் புள்ளிகளுடன் தனித்து முன்னேறினார். குகேஷ், ஆர். பிரக்ஞானந்தா, ஃபேபியானோ கருவானா ஆகிய மூவரும் நான்கு புள்ளிகளுடன் அவரைத் தொடர்ந்தனர்.

இந்தத் தோல்வியின் தன்மையை நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். தொடக்கம் முதலே திணறித் தோற்பதற்கும், பல மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டுக் கரையருகே கவிழ்வதற்கும் வேறுபாடு உண்டு. பின்னதே அதிகம் வலிக்கும். 'இன்னும் ஒரே ஒரு நிமிடம் இருந்திருந்தால்' என்ற எண்ணம் இரவு முழுவதும் உறங்கவிடாது. இளையோர் போட்டிகளில் அரங்கைவிட்டு அழுதுகொண்டே வெளியேறும் பிள்ளைகளுள் பலர் இத்தகைய தோல்வியைச் சந்தித்தவர்களே.

ஓய்வு நாள்

ஏப்ரல் 12ஆம் நாள் ஓய்வு. போட்டி முடிந்தபின் செய்தியாளர்களிடம் பேசிய குகேஷ், வெற்றி பெறலாம் என்ற நம்பிக்கை தமக்கு உறுதிப்பட்ட தருணம் எது என்பதற்கு எவரும் எதிர்பாராத விடையைத் தந்தார். ஏழாவது சுற்றில் தோற்றதற்கு மறுநாள், அந்த ஓய்வு நாள்தான் அது என்றார். தோல்வி வருத்தத்தைத் தந்தது. ஆயினும் மறுநாள் மனமும் உடலும் நல்ல நிலையில் இருப்பதை உணர்ந்ததாகவும், அத்தோல்வியே தமக்கு ஊக்கமளித்திருக்கலாம் என்றும் அவர் கூறியிருந்தார்.

இதை வெறும் மனவலிமை என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. அந்த உணர்வுக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. ஏழு சுற்றுகளில் நான்கு புள்ளி. முன்னிலையில் இருப்பவரோடு அரைப் புள்ளியே இடைவெளி. இன்னும் ஏழு சுற்றுகள் மிச்சம். தோற்றது நேர மேலாண்மையில். ஆட்டத்தின் தரத்தில் அன்று. திருத்த வேண்டியது எது என்பது தெளிவாக இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் தோல்வி ஒரு செலவினமாகிறது; அழிவாவதில்லை.

வங்கிகளின் இருப்புநிலைக் குறிப்பில் 'ஒதுக்கீடு' என்றொரு தலைப்பு இருப்பதை வாடிக்கையாளர்கள் கண்டிருக்கலாம். கொடுத்த கடன்கள் அனைத்தும் திரும்பி வந்துவிடும் என்று எந்த வங்கியும் கருதுவதில்லை. சில வாராமல் போகும் என்பதை முன்கூட்டியே ஏற்று, அதற்கென ஒரு தொகையை ஆண்டுதோறும் ஒதுக்கிவைக்கிறோம். நட்டம் நேரும்போது வங்கி தடுமாறாமல் நிற்பது அதனால்தான். நீண்ட போட்டிக்குச் செல்லும் வீரரும் தம் மனத்தில் அத்தகைய ஒதுக்கீட்டைச் செய்துகொண்டே செல்கிறார். ஒரு தோல்வி வரலாம். வந்தால் என்ன செய்வது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

பதின்மூன்றாம் சுற்று

ஓய்வுக்குப் பின் குகேஷ் பதற்றத்துடன் பாயவில்லை. எட்டாவது சுற்றில் விதித் குஜராத்தியை வென்றார். அடுத்த மூன்று சுற்றுகளில் பிரக்ஞானந்தா, நெப்போம்னியாச்சி, கருவானா ஆகிய வலிய எதிராளிகளுடன் சமன் செய்தார். பன்னிரண்டாவது சுற்றில் நிஜாத் அபசோவை வென்றார். இப்போது குகேஷ், நெப்போம்னியாச்சி, ஹிகாரு நகமுரா ஆகிய மூவரும் ஏழரைப் புள்ளிகளுடன் சமமாக நின்றனர். இரண்டு சுற்றுகளே மிச்சம்.

ஏப்ரல் 20ஆம் நாள் பதின்மூன்றாம் சுற்றில் மீண்டும் ஃபிரூஜா. இம்முறை வெள்ளைக் காய்கள் குகேஷிடம். ஃபிரூஜாவுக்கு முதலிட வாய்ப்பு முன்னரே போய்விட்டது. ஆயினும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டம் முதல் நேரக் கட்டத்தைத் தாண்டி, 60 நகர்த்தல்களுக்கு மேல் நீண்டது. பொறுமையின் முடிவில் குகேஷ் வென்றார். அதே நாளில் நெப்போம்னியாச்சியும் நகமுராவும் தமக்குள் சமன் செய்துகொண்டதால், எட்டரைப் புள்ளிகளுடன் குகேஷ் தனித்து முன்னிலை பெற்றார்.

கடைசிச் சுற்றில் அவர் நகமுராவுடன் சமன் செய்து ஒன்பது புள்ளிகளை எட்டினார். அருகில் கருவானாவுக்கும் நெப்போம்னியாச்சிக்கும் இடையிலான ஆட்டம் தொடர்ந்துகொண்டிருந்தது. அவர்களுள் எவர் வென்றாலும் ஒன்பது புள்ளிகளுடன் குகேஷைச் சமன் செய்து, முடிவைக் கூடுதல் ஆட்டங்களுக்குத் தள்ளியிருப்பார். 109 நகர்த்தல்களுக்குப் பின் அவ்வாட்டம் சமனில் முடிந்தது. கேண்டிடேட்ஸ் போட்டியை வென்றவர்களுள் மிக இளையவர் என்ற பெயர் குகேஷுக்கு உரித்தாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வென்று, பதினெட்டாவது வயதில் உலகச் சாம்பியன் ஆனதையும் நாடறியும்.

பதினான்கு சுற்றுகளில் அவருடைய கணக்கு இது: ஐந்து வெற்றி, எட்டுச் சமன், ஒரு தோல்வி. அந்த ஒரே தோல்வி ஃபிரூஜாவிடம். கடைசிக்கு முந்தைய சுற்றில் அவரைத் தனித்து உயர்த்திய வெற்றியும் ஃபிரூஜாவிடமே.

அதே அரங்கில் அதே நாள்களில் மகளிர் கேண்டிடேட்ஸ் போட்டியும் நடைபெற்றது. அதில் விளையாடிய ஆர். வைஷாலி, ஆறாவது சுற்று முதல் ஒன்பதாவது சுற்று வரை தொடர்ந்து நான்கு ஆட்டங்களை இழந்தார். ஒன்பது சுற்றுகளின் முடிவில் அவரிடம் இருந்தவை இரண்டரைப் புள்ளிகள். எஞ்சிய ஐந்து சுற்றுகளிலும் தொடர்ந்து வென்று ஏழரைப் புள்ளிகளுடன் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். முதலிடம் கிட்டவில்லை. ஆயினும் நான்கு தோல்விகளுக்குப் பின் ஐந்தாவது நாள் பலகையின் முன் அமரும் துணிவைப் புள்ளிப் பட்டியல் காட்டுவதில்லை.

நம் பிள்ளைகளின் அரங்குகளில்

பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சில விதிகளை இங்கே தொகுத்துக் கூறுகிறோம்.

முதலாவது, தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்பது. தம் முறை வரும்போது ஒரு காயை நகர்த்தும் நோக்குடன் தொட்டுவிட்டால், விதிப்படி நகர்த்த இயலுமாயின் அதையே நகர்த்த வேண்டும். சரிந்த காயை நேராக வைக்க விரும்பினால், தொடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். புதிதாக விளையாடும் குழந்தைகளின் பல கண்ணீர்த் துளிகளுக்கு இவ்விதியே காரணம்.

இரண்டாவது, கைப்பேசி. அரங்கினுள் அதை உடன் வைத்திருப்பதே குற்றமாகக் கருதப்பட்டு ஆட்டம் இழக்கப்படலாம். அணைத்து வைத்திருந்தோம் என்பது விடையாகாது. பையில் மறந்து வைத்த கைப்பேசியை வாயிலிலேயே பெற்றோர் வாங்கிக்கொள்வது நல்லது.

மூன்றாவது, ஐயம் எழுந்தால் கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைக்கும் உரிமை குழந்தைக்கு உண்டு. எதிராளி வயதில் பெரியவர் என்பதற்காகத் தயங்க வேண்டியதில்லை. நடுவரின் முடிவுக்குக் காத்திருக்கும் பழக்கம் சிறுவயதிலேயே வர வேண்டும்.

நான்காவது, தரப்புள்ளி. இது பலரும் அஞ்சும் எண். இரு வீரர்களின் தரப்புள்ளி வேறுபாட்டிலிருந்து ஒவ்வொருவரும் எதிர்பார்க்கத்தக்க புள்ளி கணக்கிடப்படுகிறது. 1600 தரப்புள்ளி உள்ள ஒரு சிறுமி, 1800 உள்ளவருடன் விளையாடுகிறாள் எனக் கொள்வோம். 200 புள்ளி வேறுபாட்டில் அவளிடம் எதிர்பார்க்கப்படுவது 0.24 புள்ளி. 2300க்குக் கீழ் உள்ள பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு மாற்றக் கெழு 40. அவள் வென்றால், எதிர்பார்ப்பைவிட 0.76 அதிகம்; 40ஆல் பெருக்க, 30.4 புள்ளிகள் கூடும். சமன் செய்தாலும் 10.4 கூடும். தோற்றால் குறைவது 9.6 மட்டுமே. வலியவருடன் தோற்பதற்கு விலை குறைவு. வெல்வதற்கு வரவு அதிகம். எனவே வலிய எதிராளி வாய்த்தால் பிள்ளையும் பெற்றோரும் வருந்த வேண்டியதில்லை. எண் குறையும் என்று அஞ்சிப் போட்டிகளைத் தவிர்ப்பதே உண்மையான இழப்பு.

குடும்பத்தின் கணக்கு

இனி நம் துறையை ஒட்டிய செய்திக்கு வருவோம். நுழைவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், பயணம், தங்குமிடம், உடன் செல்லும் பெற்றோரின் விடுப்பு எனப் போட்டிச் சதுரங்கத்தின் செலவுகள் பலவாறு பெருகும். கிராண்ட்மாஸ்டர் பட்டத்திற்கு 2500 தரப்புள்ளியும், குறிப்பிட்ட தகுதி வாய்ந்த போட்டிகளில் மூன்று தகுதி நிறைவுகளும் தேவை. அத்தகைய போட்டிகளைத் தேடி வெளிநாடுகளுக்குச் செல்ல நேரிடுவதும் உண்டு.

குகேஷின் தந்தை ஒரு மருத்துவர். மகனுடன் பயணம் செய்வதற்காகத் தம் தொழிலை நிறுத்திவைத்தார். தாயின் வருமானம் குடும்பத்தைத் தாங்கியது. நண்பர்களும் உதவினர். இவை அக்குடும்பத்தார் பொதுவெளியில் பகிர்ந்த செய்திகள். 2019 ஜனவரியில், பன்னிரண்டு வயது ஏழு மாதம் நிறைந்த நிலையில் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனதற்குப் பின்னால் அந்தத் தியாகம் இருந்தது.

இதைப் படிக்கும் பெற்றோர் எவருக்கும், நாமும் அவ்வாறே செய்ய வேண்டுமோ என்ற எண்ணம் எழுவது இயல்பு. இங்கே நாம் வெளிப்படையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வென்றவர்களின் கதைகளே நம் காதுக்கு வருகின்றன. அதே அளவு திறமையும் உழைப்பும் தியாகமும் இருந்தும் அவ்வுயரத்தை எட்டாத குடும்பங்களைப் பற்றி எந்த இதழும் எழுதுவதில்லை. வென்றவரின் செலவுப் பட்டியலை மட்டும் பார்த்து நம் வீட்டுச் செலவைத் தீர்மானிப்பது, திரும்பி வந்த கடன்களை மட்டும் பார்த்துப் புதிய கடன் வழங்குவதற்கு ஒப்பாகும்.

அதற்காகப் பிள்ளையின் ஆர்வத்திற்குத் தடை போட வேண்டும் என்று நாம் கூறவில்லை. அளவைத் தீர்மானிக்கும் வழியை டொரண்டோவே காட்டுகிறது. குகேஷால் ஏழாவது சுற்றின் தோல்வியைத் தாங்க முடிந்தது, அவரிடம் மேலும் ஏழு சுற்றுகள் மிச்சம் இருந்ததால். குடும்பமும் அவ்வாறே தன் பங்களிப்பை வகுத்துக்கொள்ளலாம். ஓர் ஆண்டு எதிர்பார்த்த பலன் கிட்டாமல் போனாலும் அடுத்த ஆண்டு விளையாட இயலும் வகையில் செலவு இருக்க வேண்டும். ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் வைத்துவிட்டால், முதல் தோல்வியே கடைசிச் சுற்றாகிவிடும். அதைவிடக் கொடியது, அந்தச் சுமை முழுவதும் பத்து வயதுக் குழந்தையின் தோளில் ஏறி அமர்வது. தான் தோற்றால் வீட்டில் என்ன ஆகும் என்பதை அறிந்த பிள்ளையால் 40ஆவது நகர்த்தலை நிதானமாகச் செய்ய முடியாது.

நடைமுறையில் இதற்குச் சில வழிகள் உண்டு. ஆண்டின் தொடக்கத்திலேயே எந்தெந்தப் போட்டிகளில் கலந்துகொள்வது என்று பயிற்சியாளருடன் அமர்ந்து முடிவு செய்து, அதற்கான தொகையை மாதாந்திரத் தொடர் வைப்பில் தனியே சேர்க்கலாம். ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான அவசரக் கையிருப்பையும், ஓய்வுக்காலச் சேமிப்பையும், பிள்ளையின் உயர்கல்விக்கென வைத்த தொகையையும் இதற்காகத் தொடாமல் இருப்பது நலம். பரிசுத் தொகையை எதிர்பார்க்கும் வருமானமாகக் கணக்கில் எழுதக் கூடாது. வந்தால் அதை அப்படியே பிள்ளையின் பெயரிலான கணக்கில் இட்டுவிடலாம். நகைக் கடனோ தனிநபர்க் கடனோ பெற்று வெளிநாட்டுப் போட்டிக்குச் செல்ல எண்ணும் முன், அப்போட்டியில் ஒரு புள்ளிகூட உயராவிட்டாலும் மாதத் தவணையைத் தடையின்றிச் செலுத்த இயலுமா என்ற ஒரு வினாவை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இயலும் என்பது விடையானால் தயங்க வேண்டியதில்லை.

வாயிலில் காத்திருப்போருக்கு

அரங்கிலிருந்து வெளியே வரும் பிள்ளையிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் 'வென்றாயா?' என்பதே. அதற்குப் பதிலாக 'எங்கே நேரம் அதிகம் செலவாயிற்று?' என்று கேட்டுப் பாருங்கள். நகர்த்தல்களைக் குறித்த தாள் அதன் கையில் இருக்கும். எந்த இடத்தில் தயங்கியது, எங்கே அவசரப்பட்டது என்பதைச் சொல்ல அதற்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும். தோல்வி அப்போது குற்றமாக இல்லாமல், சரிபார்க்க வேண்டிய கணக்காக மாறும். உணவு முடித்து, சற்று உறங்கிய பின் அந்தத் தாளைப் பயிற்சியாளரிடம் காட்டினால் போதும்.

டொரண்டோவின் இரு ஆட்டங்களிலும் விளையாடியவர்கள் அதே இருவரே. ஒன்பது நாள்களில் எவருடைய திறமையும் பெரிதாகக் கூடிவிடவோ குறைந்துவிடவோ இல்லை. தோற்ற பின்னும் ஒருவரிடம் மிச்சமிருந்த சுற்றுகளும், அவற்றை அமைதியாக ஆடுவதற்கான மனமும்தான் முடிவை மாற்றின. மனத்தைப் பிள்ளைகள் தாமே வளர்த்துக்கொள்வார்கள். சுற்றுகள் மிச்சமிருக்கும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரியவர்களாகிய நம்முடையது.